டைட்டன் என்று ஒரு தூசி: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பக்கத்தின் அடியில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. அதை நிரப்ப, மக்கிய செடிகொடிகளிலும் பழைய சாணக் குவியலிலும் வாழும் நெஃபானஸ் டைட்டன் என்ற வண்டைப் பற்றி நாலு வரி எழுதினேன். நீளம் அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம், அதாவது 0.6 மி.மீ. சுமாருக்கு, சிறகு இறகு மாதிரி இருக்கும், இதுதான் உலகிலேயே சிறிய பூச்சிக் கூட்டம் என்று முடித்திருந்தேன். பல மாதம் உட்கார்ந்து யோசித்து எழுதிய விஷயங்களுக்கு வராத அளவு கடிதம் அந்த நாலு வரிக்கு வந்திருக்கிறது. சரி, இந்த முறை முழுக்க வண்டுதான். வேறு கேள்வி அனுப்பியவர்கள் ஒரு இதழ் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: கண்ணுக்கே தெரியாத வண்டுக்கு டைட்டன் என்று பெயர் வைத்த புண்ணியவான் யார்? கிண்டலா, சீரியஸா?

பதில்: எட்வர்ட் நியூமன் என்ற ஆங்கிலேயப் பூச்சியியலாளர், 1834இல். டைட்டன்கள் என்றால் கிரேக்கப் புராணத்தில் கடவுளர்களுக்கும் முந்தைய அசுரப் பரம்பரை. நோஞ்சான் பையனை "வாடா பீமா" என்று கூப்பிடும் குசும்பு எல்லா ஊரிலும் உண்டு, இதுவும் அந்த ரகம் என்றுதான் எனக்குப் படுகிறது. உண்மையிலேயே அந்தப் பெயருக்குத் தகுதியான வண்டு அமேசான் காட்டில் இருக்கிறது: டைட்டானஸ் ஜிகான்டியஸ், 16 சென்டிமீட்டருக்கும் மேல் வளரும். அதன் தலை முதல் வால் வரை நம் ஆட்களை வரிசையாக நிறுத்தினால் 270 பேருக்குப் பக்கமாக நிற்கலாம்.

இந்த வண்டுக் குடும்பத்துக்கே பெயர் விஷயத்தில் ஒரு ராசி உண்டு. மிகாடோ என்று ஒரு பேரினம், ஜப்பானியச் சக்கரவர்த்தியைக் குறிக்கும் சொல் அது. அப்புறம் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கையிலிருந்து ஒன்றை விவரித்தவர் சுற்றி வளைக்காமல் இன்விசிபிலிஸ், அதாவது "கண்ணுக்குத் தெரியாதது" என்றே வைத்துவிட்டார். நேர்மையான மனிதர்.

கேள்வி: "உலகிலேயே சிறிய பூச்சி" என்று எழுதியிருந்தீர்கள். அதைவிடச் சின்னக் குளவி இருப்பதாக என் மகள் பாடப்புத்தகத்துக்கு வெளியே எங்கோ படித்துவிட்டு, உங்கள் பத்தியை நம்பிய என்னைக் கேலி செய்கிறாள். யார் சொல்வது சரி?

பதில்: மகள்தான் சரி. நான் அவசரத்தில் ஒரு சொல்லை விட்டுவிட்டேன், அந்த ஒரு சொல்தான் முக்கியம்: "தனித்து வாழும்" பூச்சிகளில் சிறியது என்று எழுதியிருக்க வேண்டும். டைக்கோபோமார்ஃபா என்ற குளவி இனத்தின் ஆண் 0.139 மி.மீ. நீளம்தான் வரும். ஆனால் அது கண்ணும் சிறகும் இல்லாமல், வேறொரு பூச்சியின் முட்டைக்குள் வளர்ந்து, இனப்பெருக்கம் செய்து முடிப்பதோடு சரி. இன்னொருவர் வயிற்றுக்குள் வளர்கிறவர் சாப்பாடு தேட வேண்டியதில்லை, அதனால் அதற்கான உறுப்புகளையெல்லாம் கழற்றிப் போட்டுவிடலாம்.

தானாக நடந்து, தானாகத் தின்று, தானாகப் பறந்து பிழைக்கும் பூச்சிகளில் சிறியது டைட்டனும் அல்ல, அதன் உறவுக்காரர் ஸ்கைடோசெல்லா முசவாசென்சிஸ். நிகரகுவாவில் கிடைத்ததை வைத்து 1999இல் விவரிக்கப்பட்டது. ஆனால் அப்போது அதன் அளவைத் துல்லியமாகச் சொல்ல வழியில்லாமல் இருந்தது. 2015இல் ரஷ்ய விஞ்ஞானி அலெக்சி பொலிலோவ், கொலம்பியாவில் ஒரு மரக்காளானில் சேகரித்த 85 வண்டுகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து அளந்தார், மிகச் சிறியது 0.325 மி.மீ. நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் வரியின் முற்றுப்புள்ளிமேல் வந்து நின்றால் முற்றுப்புள்ளிதான் ஜெயிக்கும். மகளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் மக்குத்தொட்டியைக் கிளறினால் கருப்பாகப் புள்ளி புள்ளியாக ஓடுகிறது. நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து அது டைட்டனாக இருக்குமோ என்று சந்தேகம். செடிக்குக் கெடுதலா? மருந்து அடிக்கலாமா?

பதில்: மருந்தை முதலில் உள்ளே வையுங்கள். மக்குத்தொட்டிக்கு மருந்து அடிப்பது, சமையல்காரரை விரட்டிவிட்டுச் சாப்பாட்டுக்குக் காத்திருப்பது போல.

ஓடுகிற புள்ளி எல்லாம் வண்டு அல்ல. தொட்டால் சுண்டிவிட்ட மாதிரி எகிறினால் அது ஸ்பிரிங்டெயில். உருண்டையாக, எட்டுக் காலில் மெதுவாக ஊர்ந்தால் மைட். நம் ஆள் முட்டை வடிவத்தில், லேசாகப் பளபளப்பாக, கரும்பழுப்பாக இருப்பார், விட்டு விட்டுச் சரசரவென்று ஓடுவார். லென்ஸில் பார்த்தால் உணர்கொம்பின் நுனியில் குண்டு முடிச்சுகளும் அவற்றைச் சுற்றி நீளமான மயிரும் தெரியும். முதுகை மூடும் கெட்டியான முன்சிறகு சில இனங்களில் முழுசாக மூடாது, வயிற்றின் நுனி சட்டைக்கு வெளியே எட்டிப் பார்க்கும்.

இவை செடியைக் கடிப்பதில்லை. மக்கும் பொருளில் படரும் பூஞ்சையின் இழைகள், வித்துகள், அங்கே கிடக்கும் நுண்ணிய மிச்சம் மீதி, இவைதான் உணவு. உரம் மக்குவதற்கு இவைதான் காரணம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் அதையும் நம்ப வேண்டாம், பெரிய வேலையைப் பாக்டீரியாவும் பூஞ்சையும் பார்த்துக்கொள்கின்றன. இவை அந்தப் பூஞ்சைக் காட்டில் மேய்கிற ஆடுகள். தொட்டியில் இவை இருந்தால் உள்ளே ஈரமும் காற்றும் பூஞ்சையும் அளவாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு மூடியைப் போட்டுவிட்டுப் போகலாம்.

கேள்வி: "சிறகு இறகு மாதிரி" என்றால் என்ன அர்த்தம்? இரண்டும் ஒன்றுதானே?

பதில்: ஒன்றில்லை. பறவை பறக்க விரிப்பது சிறகு, அதிலிருந்து உதிர்ந்து நம் கையில் கிடைப்பது இறகு. தமிழில் இந்த வித்தியாசம் இவ்வளவு சுலபமாக இருக்கும்போது நாமே குழப்பிக்கொள்கிறோம். ஈயின் சிறகு கண்ணாடித்தாள் மாதிரி ஒரே படலம். இந்த வண்டின் சிறகிலோ படலம் நடுவில் ஒரு மெல்லிய காம்பு அளவுக்குத்தான், அதன் இரண்டு பக்கமும் நீள நீளமான மயிர்கள் வரிசையாக நிற்கும், மொத்தத்தில் ஒரு குட்டி இறகு. டைலியிடே என்ற இந்தக் குடும்பப் பெயரே இறகைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். பறக்காத நேரத்தில் அத்தனை மயிரையும் மடித்து முன்சிறகுக்கு அடியில் செருகிக்கொள்ளும்.

கேள்வி: ஓட்டை ஓட்டையாக இருக்கும் சிறகை வைத்துக்கொண்டு எப்படிப் பறக்கும்? காற்று மயிர்களுக்கு இடையில் ஒழுகிவிடாதா? (நான் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், மழுப்ப வேண்டாம்.)

பதில்: மழுப்பவில்லை, ஐயா. ஒரு சீப்பைத் தண்ணீரில் இழுத்தால் தண்ணீர் பல் இடுக்கு வழியாகப் போய்விடும். அதே சீப்பைக் கெட்டித் தேனில் இழுத்துப் பாருங்கள், தேன் இடுக்கில் நுழைய மறுத்துச் சீப்போடு சேர்ந்தே வரும், பல் பல்லாக இருப்பது முழுப் பலகை மாதிரி வேலை செய்யும். அரை மில்லிமீட்டர் உடம்புக்குக் காற்று அப்படித்தான். காற்று மாறவில்லை, அளவு மாறியதும் கணக்கு மாறிவிட்டது. ரெனால்ட்ஸ் எண் உங்களுக்கு நினைவிருக்கும் (மற்றவர்களுக்கு: நகர்கிற வேகத்தின் உந்துதல், காற்றின் பாகு போன்ற இழுப்பைவிட எத்தனை மடங்கு என்று சொல்லும் எண்): விமானத்துக்கு அது கோடிக்கணக்கில் போகும், இந்த வண்டுகளுக்கு 10 என்ற அளவிலேயே நிற்கிறது. அங்கே பாகுநிலை விசையை ஒதுக்கிவிட்டு எதையும் பேச முடியாது.

ஆனால் இதோடு கதை முடியவில்லை. காற்று பாகு மாதிரி இருந்தால் அதில் இந்த வண்டு தத்தளிக்க வேண்டும், மெதுவாக மிதந்து காற்று அடித்த பக்கம் போக வேண்டும். நீண்ட காலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதிவேகக் கேமராவில் படம் பிடித்தபோது தன்னைவிட மூன்று மடங்கு பெரிய பூச்சிகளின் வேகத்தில் இவை பறப்பது தெரிந்தது. எப்படி என்பதற்கு 2022இல் நேச்சர் ஆய்விதழில் ஒரு விளக்கம் வந்தது. அதில் ஆராயப்பட்டது பாராடுபோசா பிளசென்டிஸ், நீளம் 0.395 மி.மீ. அதன் சிறகு வெறுமனே மேலும் கீழும் போகவில்லை, எட்டு என்ற எண்ணை எழுதுவது போலச் சுழல்கிறது. இரண்டு சிறகும் உடம்புக்கு மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை கைதட்டுவது போல நெருங்குகின்றன. இவ்வளவு பெரிய வீச்சுக்கு உடம்பு எதிர்ப்பக்கம் குப்புற ஆட வேண்டுமே? அங்கேதான் கெட்டியான முன்சிறகு வருகிறது. வெறும் மூடி என்று நாம் நினைத்தது, பறக்கும்போது சிறகுக்கு எதிராக அசைந்து ஆட்டத்தை அடக்கும் பிரேக்காக வேலை செய்கிறது.

மயிர்ச் சிறகின் லாபம் எடையில். அதே பரப்புக்கு முழுப் படலம் போட்டால் சிறகு கனத்துவிடும், ஒவ்வொரு வீச்சிலும் அந்தக் கனத்தைக் கிளப்பி நிறுத்தித் திருப்புவதற்கே தசையின் சக்தி செலவாகிவிடும். இந்தத் தந்திரத்தை இந்த வண்டுகள் மட்டும் கண்டுபிடிக்கவில்லை என்பது எனக்கு இதிலெல்லாம் பிடித்த விஷயம். மிளகாய்ச் செடியில் இலையைச் சுருட்டும் இலைப்பேன், முட்டை ஒட்டுண்ணியாக வயலில் விடும் டிரைக்கோகிராமாவின் நெருங்கிய உறவான சில குட்டிக் குளவிகள், எல்லாம் வேறு வேறு வம்சம், ஆனால் உடம்பு சிறுத்ததும் தனித்தனியாக இதே மயிர்ச் சிறகுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

கேள்வி: இத்தனூண்டு உடம்பில் இதயம், மூளை எல்லாம் எங்கே இருக்கும்?

பதில்: இக்குடும்பத்தின் மிகச் சிறிய இனங்களில் இதயம் இல்லவே இல்லை. பூச்சிகளில் ஆக்சிஜனைச் சுமப்பது ரத்தம் அல்ல, உடம்பு முழுக்க ஓடும் காற்றுக் குழாய்கள். ரத்தத்தின் வேலை சத்தைக் கொண்டுபோவது. மூலைக்கு மூலை தூரமே இல்லாத உடம்பில் அது தானாகவே பரவிச் சேர்ந்துவிடும், பம்ப் எதற்கு?

இதயத்தை விடலாம், மூளையை விட முடியவில்லை. மற்ற உறுப்புகள் சுருங்குகிற வேகத்தில் மூளை சுருங்குவதில்லை, ஏனென்றால் நரம்பணு ஓர் அளவுக்கு மேல் சிறிதாகாது, எண்ணிக்கையையும் ஓர் அளவுக்கு மேல் குறைத்தால் பூச்சிக்கு நடக்கவே தெரியாது. அதனால் உடம்போடு ஒப்பிட்டால் மூளை பெரிதாகிக்கொண்டே போகிறது. மிகாடோவின் புழுவில் மூளை தலையில் இடம் போதாமல் பின்னால் நகர்ந்து மார்புக்குள் உட்கார்ந்திருக்கிறது. மார்பில் மூளை வைத்திருக்கும் சக்கரவர்த்தி!

ஒரு மெகாஃப்ராக்மா குளவி இதைவிடக் கடுமையான வழியைப் பிடித்தது. அதற்கு இருப்பதே சுமார் 7,400 நரம்பணு, தேனீக்குப் பத்து லட்சம் வாக்கில் உண்டு என்பதை நினைவில் வையுங்கள். அந்த 7,400இலும் 95 விழுக்காட்டுக்கு மேல் உட்கருவையே கழித்துவிட்டு இடத்தை மிச்சம் பிடிக்கிறது. நம் வண்டுகள் அந்த அளவுக்குப் போகவில்லை.

முட்டைதான் இன்னொரு சுவர். தாய் எவ்வளவு சிறிதானாலும், ஒரு புழு உருவாகத் தேவையான மஞ்சள் கரு முட்டைக்குள் இருந்தாக வேண்டும். அதனால் இவை ஒரே சமயத்தில் ஒரே ஒரு முட்டையைத்தான் வளர்க்கும், சின்ன இனங்களில் அந்த முட்டை தாயின் நீளத்தில் பாதிக்கு வந்துவிடும். இதற்கு மேல் ஏன் சிறுக்கவில்லை என்று கேட்டால், மூளையையும் முட்டையையும்தான் கைகாட்ட வேண்டும்.

கேள்வி: அந்த மூளைக்குப் புத்தி ஏதாவது உண்டா?

பதில்: உண்டு, அதுவும் நம் டைட்டனிடமே சோதித்திருக்கிறார்கள். பொலிலோவின் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வு. சூடான ஒரு தரை, அதில் ஓரிடம் மட்டும் குளிர்ச்சி, பார்த்தால் வித்தியாசம் தெரியாது. சுற்றிலும் சுவரில் வடிவங்கள். வண்டை உள்ளே விட்டால் முதலில் அலைந்து திரிந்து எப்படியோ குளிர்ந்த இடத்தைப் பிடிக்கும். திரும்பத் திரும்ப விட்டபோது, சுவரில் இருக்கும் குறியை வைத்து அந்த இடத்துக்குப் போகக் கற்றுக்கொண்டது. வண்டி நிறுத்திய இடத்தை மறந்துவிட்டு வளாகம் முழுக்கச் சாவியை அமுக்கிக்கொண்டு திரிபவன் நான், மேற்கொண்டு கருத்துச் சொல்ல விரும்பவில்லை.

கேள்வி: ஒரே இனத்தில் சிலவற்றுக்குக் கண் இருக்கும், சிலவற்றுக்கு இருக்காது என்று கேள்விப்பட்டேன். குறைபாடா?

பதில்: குறைபாடு அல்ல, ஏற்பாடு. டைனெல்லா என்ற பேரினத்தில் இது நடக்கும். அவை செத்த மரத்தின் பட்டைக்கு அடியில் வாழ்பவை. பெரும்பான்மை ஆட்கள் வெளிறிப்போய், கண்ணும் சிறகும் ஒடுங்கி, பட்டைக்கு அடியிலேயே பிறந்து அங்கேயே முடிந்துவிடுவார்கள். இருட்டில் கண் எதற்கு, வீட்டைவிட்டுப் போகாதவருக்குச் சிறகு எதற்கு? ஆனால் அந்த மரம் என்றைக்காவது மக்கி முடிந்துவிடும். அப்போது இன்னொரு மரம் தேட, கண்ணும் சிறகும் நிறமும் உள்ள சிறுபான்மைக் கூட்டம் ஒன்று இருக்கிறது. ஒரே இனம், இரண்டு உருவம். அந்தக் காலத்தில் இரண்டையும் வெவ்வேறு பூச்சி என்று யாராவது நினைத்திருந்தாலும் தப்பு சொல்ல முடியாது.

இக்குடும்பத்தில் சிலவற்றுக்கு ஆணும் தேவையில்லை, பெண்ணே பெண்ணைப் பெற்றுக்கொள்ளும். சிகாகோவின் ஹென்றி டைபாஸ் 1966இலேயே இதற்கான சான்றுகளை எழுதிவிட்டார். ஒரே ஒரு பெண் புதிய சருகுக் குவியலில் வந்து விழுந்தாலும் குடித்தனம் தொடங்கிவிடலாம்.

கேள்வி: பார்க்க ஆசையாக இருக்கிறது. வீட்டில் வழி உண்டா?

பதில்: உண்டு, செலவும் இல்லை. இத்தாலியின் அன்டோனியோ பெர்லேசே 1905இல் ஒரு புனல் வைத்தார், 1918இல் ஸ்வீடனின் டுல்கிரன் அதன் மேல் ஒரு மின்விளக்கைத் தொங்கவிட்டார், மண்ணுயிர் ஆய்வாளர்கள் இன்றைக்கும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பாதியை வெட்டிக் கவிழ்த்தால் புனல். அதன் நடுவில் இரண்டு மூன்று மி.மீ. கண்ணுள்ள வலையை வைத்து, அதன்மேல் மக்கிய இலையைத் தளர்வாகப் பரப்புங்கள். மேலே காய்ந்திருக்கும் சருகு வேண்டாம், அதற்குக் கீழே கருத்து, நைந்து, இது எந்த மரத்து இலை என்று சொல்ல முடியாத நிலையில் ஈரமாக ஒரு அடுக்கு இருக்குமே, அது. அமுக்கினால் பாழ், காற்று நுழைய வேண்டும். கீழே சின்னக் கிண்ணத்தில் ஸ்பிரிட். மேலே ஒரு சாண் உயரத்தில் சூடு தரும் பழைய குண்டு பல்பு, எல்.இ.டி. விளக்கு பயன்படாது, அதில் வெளிச்சம் உண்டு, சூடு இல்லை. மேலிருந்து காயக் காய உயிர்கள் ஈரத்தைத் தேடிக் கீழே கீழே இறங்கி, வலை வழியாகக் கிண்ணத்தில் விழும். இரண்டு மூன்று நாள் பொறுமை வேண்டும். பல்பு சருகில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதை எரியவிட்டுவிட்டு வெளியே போகவும் வேண்டாம், காய்ந்த சருகுக்குத் தீப்பிடிக்க அதிக நேரம் ஆகாது.

கிண்ணத்தில் முதலில் தெரிவது எல்லாம் மைட்டும் ஸ்பிரிங்டெயிலுமாகத்தான் இருக்கும், நூற்றுக்கணக்கில். நடுவில் எங்காவது ஓர் உடைந்த மணல் துணுக்கு மாதிரி கிடப்பதை வெள்ளைத் தட்டில் ஊற்றி, இருபது முப்பது மடங்கு பெரிதாக்கும் நுண்ணோக்கியில் பாருங்கள். சாதாரண கைலென்ஸில் "ஏதோ இருக்கிறது" என்பதற்கு மேல் தெரியாது. கொல்ல மனமில்லை என்றால் ஸ்பிரிட்டுக்குப் பதில் ஈரமான பஞ்சு வைக்கலாம், ஆனால் நீங்கள் மூடியைத் திறந்து குனிவதற்குள் பாதிப் பேர் வெளியே போயிருப்பார்கள்.

கேள்வி: இதையெல்லாம் ஆராய்ந்து மனிதனுக்கு என்ன லாபம்?

பதில்: தூசி அளவில் பறக்கும் கருவி செய்ய நினைப்பவர்கள் அந்த மயிர்ச் சிறகைக் கூர்ந்து பார்க்கிறார்கள் என்று சொன்னால் உங்களுக்குத் திருப்தியாக இருக்கும். 1872இல் இந்தக் குடும்பத்துக்கென்றே ஒரு பெரிய நூல் எழுதிய ஆண்ட்ரூ மாத்யூஸ் என்ற பாதிரியாரிடம் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்றுதான் எனக்கு ஆவல்.

கேள்வி: இத்துடன் செல்லோடேப்பில் ஒட்டி மூன்று வண்டு அனுப்பியிருக்கிறேன். என்ன இனம் என்று சொல்லவும்.

பதில்: இரண்டு, பென்சில் துகள். மூன்றாவது நிஜமாகவே வண்டு, உணர்கொம்பின் மயிரும் ஒரு பக்கம் பிரிந்து கிடக்கும் சிறகின் ஓரமும் தெரிகின்றன, உங்களுக்குக் கூர்மையான கண். குடும்பம் வரை அடித்துச் சொல்லலாம். இனம் சொல்ல வேண்டுமானால், பல சமயம் பெண் வண்டின் உடம்புக்குள் விந்தைச் சேர்த்து வைக்கும் பையின் வடிவத்தைப் பார்க்க வேண்டும், அரை மில்லிமீட்டர் உடம்பைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பிரித்தால்தான் அது நடக்கும். நீங்கள் அனுப்பியதைப் பசையிலிருந்து பிரிக்கப் பார்த்தேன், தலை ஒரு பக்கமும் மீதி ஒரு பக்கமும் வந்துவிட்டது. அடுத்த முறை டேப் வேண்டாம், சின்னக் குப்பியில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றி அதில் போட்டு அனுப்புங்கள். மூடியை நன்றாகத் திருகவும், போன வாரம் ஒருவர் அனுப்பியது ஒழுகி, அவர் எழுதிய கேள்வியே அழிந்துபோய்விட்டது.